நடந்தவளுக்கா இது?

கீழ்முதுகில் மைனஸ் 3.1, இடுப்பில் மைனஸ் 2.6. வேலூரில் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்த தாளில் இருந்த எண்கள் இவை. இருபதுகளில் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணின் எலும்பு அடர்த்தியைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு, நாம் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறோம் என்று அளக்கிறார்கள். மைனஸ் 1 வரை சாதாரணம். மைனஸ் 2.5-ஐத் தொட்டுவிட்டால் ஆஸ்டியோபோரோசிஸ் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் கோடு கிழித்தது. நான் கோட்டைத் தாண்டி நன்றாகவே உள்ளே போயிருக்கிறேன். வலி என்று எதுவும் கிடையாது. மூட்டுத் தேய்மானம் என்றால் மாடிப்படியில் நிறுத்திப் பெருமூச்சு விடவைக்கும். இது எலும்பு முறிகிறவரை வாயே திறக்காது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் சேதி பரவ அதிக நேரம் ஆகாது. கோயில் வாசலில் பூக்கட்டும் லட்சுமிதான் முதலில் கேட்டாள். “இன்னா டீச்சர், பௌர்ணமி தவறாம மலை சுத்துறவங்க நீங்க. உங்களுக்கா?” அவள் கேட்டதில் பரிதாபம் இருந்தது. பின்னால் வந்தவர்களின் கேள்விகள் வேறு மாதிரி. பால் குடிக்க மாட்டீர்களா, காபி அதிகமோ, வெயிலே படாமல் இருந்தீர்களோ, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தே இருந்திருப்பீர்களோ. ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு இந்த வகைக் கேள்விகள் புரியும். விடைத்தாளில் எங்கே மதிப்பெண் குறைக்கலாம் என்று தேடுகிற கேள்விகள் இவை. நான் எங்கேயோ தவறியிருக்கவேண்டும். அந்த இடம் தெரிந்துவிட்டால் கேட்டவருக்கு நிம்மதி. தமக்கு அது வராது என்று வீட்டுக்குப் போய்விடலாம்.

சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் குபேர லிங்கம் வரை நடை. பௌர்ணமிக்கு முழுச்சுற்று, 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரையும் மோரும். புகை, மது பேச்சுக்கே இடமில்லை. எடை கூடியதே கிடையாது. அந்த ஒல்லித்தனத்தைத்தான் இத்தனை வருடமும் எல்லாரும் மெச்சினார்கள்.

புண்ணியத்துக்குக் கணக்கு வைக்கிற ஊர் இது. இத்தனை சுற்று சுற்றினால் இன்னது கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி, உடம்பையும் அந்தக் கணக்குப் புத்தகத்திலேயே எழுதிவிட்டோம். இதே ஊரில்தான் ரமணர் இருந்தார். 1896-இல் பதினாறு வயதில் வந்தவர், இந்த மலையை விட்டு வேறெங்கும் போகவில்லை. 1926 வரை மலை சுற்றினார். அவருக்கு முழங்கால் வாதம் இருந்தது. கடைசியில் இடக்கையில் சர்கோமா வந்து, 1949-இல் நான்கு முறை அறுவை செய்து, 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். அவர் சரியாக நடக்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று இந்த ஊரில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். மகானுக்கு வந்தால் லீலை, எதிர்வீட்டு டீச்சருக்கு வந்தால் உணவுப் பழக்கம்.

மருத்துவரின் கேள்விகள் ஊராரின் கேள்விகளுக்கு நேர் எதிராக இருந்தன. நான் எப்படி வாழ்கிறேன் என்பதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். மீதி நேரம் முழுக்க எனக்கு என்னவெல்லாம் நடந்தது என்று கேட்டார். அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா? முறிந்தது, முற்றத்தில் வழுக்கி விழுந்து, அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு முன்பே கூன் விழுந்து, உயரம் குறைந்து, புடவைக் கொசுவம் தரையில் புரண்டது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டோம். முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கிக்கொண்டிருந்தன என்று இப்போது தெரிகிறது. முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலேயே நடந்துவிடுகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்ற கணக்கீட்டில், பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்பது தனிக் கேள்வியாகவே இருக்கிறது. ஒருவர் இளமையில் எட்டுகிற எலும்பு அடர்த்தியில் பாதிக்கு மேல் மரபணு தீர்மானிப்பது. அம்மாவிடமிருந்து நிறத்தையும் குரலையும் வாங்கிக்கொண்டேன் என்று பெருமைப்பட்டவள், இதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

அடுத்து மாத்திரைகள். ஸ்டீராய்டு சாப்பிட்டதுண்டா, ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ? தைராய்டு மாத்திரை அளவுக்கு அதிகமாகப் போனதா? வாயுத்தொல்லைக்கு வருடக்கணக்கில் பேண்டோபிரசோல் போட்டதுண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் ஊரில் எத்தனை பேர் இல்லை என்று சொல்ல முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள். கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு, சிறுநீரகம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு ஒரு சோதனை, எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவுக்கு ஒரு சோதனை. ஒழுங்காக வாழ்பவருக்கு எலும்பு கரைந்தால் பின்னால் வேறொரு நோய் ஒளிந்திருக்கலாம் என்பதால் இத்தனையும். எனக்கு வைட்டமின் டி குறைவைத் தவிர ஒன்றுமில்லை. இந்த இரத்தப் பரிசோதனைகள் எதுவும் இல்லாமல் நேரடியாகக் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாகக் கேட்டார்: மாதவிடாய் எப்போது நின்றது? நிற்கவில்லை, நிறுத்தினார்கள் என்றேன். நாற்பத்திரண்டு வயதில் ரத்தப்போக்கு தாங்காமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பின்னால் புற்று வராமல் இருக்கும் என்றார்கள். எலும்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் இனித் தீட்டு இல்லை, தூரம் இல்லை, மலை சுற்ற நாள் பார்க்கவேண்டாம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

எலும்பு ஒரு தடவை கட்டி முடித்த சுவர் அல்ல. உடைக்கிற ஆட்களும் பூசுகிற ஆட்களும் அதற்குள் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். பெரியவர்களின் உடம்பில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதிதாகிறது. உடைக்கும் கூட்டத்தை அடக்கிவைப்பது ஈஸ்ட்ரோஜன். அது நின்றதும் உடைப்பவர்கள் கை ஓங்கும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடங்களில்தான் இழப்பு வேகமாக இருக்கும். பாஸ்டனின் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். முதுகெலும்பு நொறுங்கி வந்த பெண்களைப் பார்த்து, அவர்களுக்கு மாதவிடாய் நின்றிருப்பதையும், சினைப்பை எடுக்கப்பட்டவர்கள் அவர்களிடையே இருப்பதையும் கவனித்தவர் அவர். எனக்கு அறுவை நடந்தபோது அந்தச் செய்திக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. நாற்பத்தைந்துக்கு முன்பே சினைப்பை இழந்த பெண், அப்போதே ஹார்மோன் பற்றியும் ஸ்கேன் பற்றியும் கேட்கவேண்டும். இதைப் படிப்பவர்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் இருந்தால், முதலில் பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து, சினைப்பையும் போனதா என்று பாருங்கள். பலருக்கு அதுவே தெரியாது.

சரி, நடந்த நடைக்கு என்ன பலன்? இதயத்துக்கு உண்டு, சர்க்கரைக்கு உண்டு, மனதுக்கும் உண்டு. முதுகெலும்புக்கு ஏறக்குறைய இல்லை. எலும்பு தனக்குப் பழக்கமில்லாத சுமை வந்தால்தான் தடிக்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் சொன்ன விதி இது. சுமையே இல்லாத விண்வெளியில் இருப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் கரைவது இதன் மறுபக்கம். நாற்பது வருடமாக நடக்கிற அதே நடையை எலும்பு ஒரு சுமையாகவே எடுத்துக்கொள்வதில்லை. குதிக்கவேண்டும், கனம் தூக்கவேண்டும். ஆனால் கிரிவலத்துக்கு விதி என்ன? நிறைமாதக் கர்ப்பிணியாக இருக்கிற அரசி போல மெல்ல, காலடி ஓசை கேட்காமல் நடக்கவேண்டும். எலும்புக்கு எது ஆகாதோ அதைத்தான் பெரியவர்கள் தேர்ந்தெடுத்து விதித்திருக்கிறார்கள்! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மலையைச் சுற்றச் சொன்னது எலும்புக்காக அல்ல. அதை உடற்பயிற்சிப் பட்டியலில் சேர்த்தது நாம்தான்.

சுமை தூக்கினால் போதும் என்றால் கட்டட வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரும்பு எலும்பு இருக்கவேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வீணா சத்ருக்னா குழுவினர், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த முப்பதிலிருந்து அறுபது வயதுக்குட்பட்ட 289 பெண்களைச் சோதித்து 2005-இல் எழுதினார்கள். உழைத்த உடம்புகள்தான். ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பெலும்பின் கழுத்துப் பகுதியில் ஆஸ்டியோபோரோசிஸ். தட்டில் சோறும் குழம்பும் மட்டும் இருந்தால் உழைப்பு எலும்பைக் கட்டாது. நமக்கு எண்பது கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் சிஎம்சி-யில் தாமஸ் பால் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றுவட்டாரத்தில் நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் இந்த நோய் இருந்தது. பாதிப் பேர்! பூக்கட்டுகிறவர்கள், மல்லாட்டை பிடுங்குகிறவர்கள், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஸ்கேன் இல்லை, அதனால் நோயும் இல்லை. விழும் நாள்வரை.

இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. நம் எலும்பு அளவில் சிறியது. டெக்ஸா இயந்திரம் எலும்பின் பரப்பை வைத்து அளப்பதால் சிறிய எலும்பை உள்ளதைவிட மெலிவாகக் காட்டும். ஒப்பிடுகிற அளவுகோலும் பெரும்பாலும் அமெரிக்க வெள்ளையருடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இந்தியர்களுக்கான அளவுகளை 2010-இல் வெளியிட்டது. எந்த அளவுகோலில் பார்த்தீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் மருந்து வேண்டாம் என்பதற்கு இதைச் சாக்காகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நான் கொஞ்ச நாள் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டேன், மருத்துவர் விடவில்லை. இன்னொன்று, கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டுக் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்களே, அது டெக்ஸா அல்ல. அந்தச் சீட்டை வைத்து நோயை முடிவு செய்யமுடியாது. அந்த முகாமில் “நல்லா இருக்கு” என்று கேட்டு வந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வாசலிலேயே கால்சியம் டப்பா விற்பனைக்கு இருக்கும்.

வைட்டமின் டி விஷயம்தான் ஊருக்குச் சிரிப்பு. அக்னி நட்சத்திரத்தில் தார் உருகுகிற திருவண்ணாமலையில் வெயில் சத்து குறைவா? குறைவுதான். திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் 2007-இல் எழுதியதிலேயே இது இருக்கிறது. தென்னிந்தியர்கள், அதுவும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள், கிராமத்திலும் நகரத்திலும் குறைவோடு இருந்தார்கள். தோலில் அந்தச் சத்தை உண்டாக்கும் கதிர் உச்சி நேரத்தில்தான் வலுவாக இறங்குகிறது. நாமோ அப்போது நிழல் தேடுகிறோம். நான் நடந்தது விடியலில். பௌர்ணமி நடையோ இரவில். நிலா வெளிச்சத்தில் என்ன கிடைத்தாலும் வைட்டமின் டி கிடைக்காது. இப்போது வாரம் ஒரு தடவை 60,000 யூனிட் பாக்கெட்டைப் பாலில் கலந்து குடிக்கிறேன். அதையும் மருத்துவர் சொன்ன வாரங்களோடு நிறுத்தவேண்டும், கூடினால் விஷம்.

கூழை மட்டும் யாரும் குறை சொல்ல விடமாட்டேன். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. புளிக்கவைப்பதால் அதைத் தடுக்கும் பைட்டேட்டும் குறைகிறது. ஆனால் ஒரு சொம்புக் கூழில் போகும் மாவு எவ்வளவு? ஒரு பிடி, ஒன்றரைப் பிடி. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று 2020-இல் வந்த தேசிய பரிந்துரை சொல்கிறது. நூறு மில்லி பாலிலோ தயிரிலோ சுமார் 120. நான் தயிரில் தண்ணீர் ஊற்றி மோராக்கி, இன்னும் நீர் விட்டு நீர்மோராக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். பிரண்டைத் துவையல் செய்து அனுப்பாத வீடு இந்தத் தெருவில் இல்லை. சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறது. மருந்துக்குப் பதிலாக அல்ல.

மருந்துக்கு வருகிறேன். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை முதல் வழி. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு, பிறகு அரைமணி நேரம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது. உணவுக்குழாய் புண்ணாகிவிடும். எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருப்பதால் வருடம் ஒரு தடவை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தைத் தேர்ந்தெடுத்தோம். இந்த மருந்துக் குடும்பம் வந்த வழி எனக்குப் பிடித்த கதை. தண்ணீர்க் குழாயில் சுண்ணாம்புப் படிவு பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பாஸ்பேட்டுகளின் போக்கிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃபிளைஷ் 1960-களில் இதைப் பிடித்தார். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் அண்டா வெளுத்துப்போவதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இதை நம்புவதில் சிரமமில்லை. சோலெட்ரோனிக் அமிலத்தை வைத்து நடத்தி 2007-இல் வந்த பெரிய சோதனையில், மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தது. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் போய்விடுகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். எனக்கு அதைப் படிக்கவேண்டியதில்லை, பார்த்திருக்கிறேன். தாடையெலும்பு அழுகும், தொடையெலும்பு தானே முறியும் என்று கைப்பேசியில் வருவதும் பொய்யல்ல; ஆனால் மிக அரிது. அதனால்தான் ஏற்றுவதற்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள், சில வருடம் கழித்து நிறுத்திப் பார்ப்பார்கள். முதல் தடவை ஏற்றிய ராத்திரி காய்ச்சல் அடித்துப் போட்டது. மறுநாள் பாராசிட்டமாலோடு எழுந்துவிட்டேன்.

யோகா ஆசிரியர்கள் மலிந்த ஊரில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். மெலிந்த முதுகெலும்பு உள்ளவர்கள் முன்னால் குனியும் ஆசனங்களைச் செய்யக்கூடாது. மேயோ கிளினிக்கில் சினாகியும் மிக்கெல்சனும் 1984-இல் வெளியிட்டார்கள்: முன்குனியும் பயிற்சி செய்த பெண்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது, முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான். பயிற்சியே செய்யாதவர்கள் குனிந்தவர்களைவிடத் தேவலாம். அதனால் ஆதி அருணாசலேஸ்வரர் சந்நிதியில் நான் இப்போது நின்றே கும்பிடுகிறேன். குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இருந்த ஒரு பாட்டி சொன்னார். வீட்டில் மண்குடத்தைத் தரையிலிருந்து தூக்குவதில்லை, இடுப்புயர மேடைக்கு ஏற்றியாயிற்று. பின்கட்டில் பாசியைத் தேய்த்தாயிற்று; கழிவறைக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி, என் மாணவி வயதுதான், கையில் டம்பெல் கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்கிறாள். “இன்னும் ரெண்டு மேடம்” என்று அவள் சொல்லும் தொனியை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று தெரியும்.

இதையெல்லாம் என் வயதில் செய்வது ஓட்டையை அடைப்பதுதான். எலும்பு சேர்கிற காலம் வேறு. வளர்ந்து முடிந்த பெண்ணின் உடம்பில் இருக்கும் எலும்புச் சத்தில் கால்வாசி, அவள் மளமளவென்று வளரும் அந்த இரண்டே வருடத்தில் சேர்வது. வயசுக்கு வரும் சமயம். நம் வீடுகளுக்கு இது ஏதோ தெரிந்திருந்தது போல, அப்போதுதான் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் ஊட்டுகிறார்கள். சில நாள் ஊட்டிவிட்டு, சடங்கு முடிந்ததும் அதே கையால் பாண்டி ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். ஒற்றைக்காலில் தாவிக் குதிக்கும் பாண்டியைப் போல எலும்புக்கு ஏற்ற விளையாட்டு கிடையாது. அந்த வயதுப் பெண்களைப் பள்ளியில் குதிக்கவைத்துப் பார்த்த ஆய்வுகளில் எலும்பு அடர்த்தி கூடியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் பி.டி. பீரியட் வந்தால் மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளும் பெண்களை வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்தேன். பாதி நாள் அந்த பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுவார்.

லட்சுமியின் பேத்தி போன மாசம் உட்கார்ந்தாள். நானும் மஞ்சள் நீர் ஊற்றப் போயிருந்தேன். களி கிண்டிக்கொண்டிருந்தவளிடம், இதை நிறுத்தாதே, அவள் விளையாட்டையும் நிறுத்தாதே, ஸ்கிப்பிங் ஆடட்டும் என்றேன்.

“தெருவுல கயிறு ஆடினா ஊரு சிரிக்கும் டீச்சர். பெரிய பொண்ணாச்சே.”

“உங்க அம்மாவுக்கும் கூன்தானே லட்சுமி?”

களித் துடுப்பைச் சட்டியில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேத்தியைப் பார்த்தாள். “கயிறு வாங்கிக் குடுங்க. கொல்லையில ஆடட்டும்” என்றாள். கொல்லை எவ்வளவு அகலம் என்று பார்க்க நான் உள்ளே போனேன். துணிக் கொடியை அவிழ்த்தால் இடம் போதும்.